ஒரு துளி இரத்தம், ஓர் அமானிதம்: அரிவாள் செல் சோகை ஆய்வின் வரலாறு

மதுரைத் தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வந்து பனகல் சாலையில் திரும்பினால் அரசு இராசாசி மருத்துவமனை வந்துவிடும். அங்கே இரத்த வங்கியின் முன்னால் சட்டைக்கையை மடித்துவிட்டுக் காத்திருப்போரை நாம் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் தர்காவைச் சுற்றி வாழ்பவரும் உண்டு. சித்திரை மாதத்தில் தல்லாகுளத்து எதிர்சேவைக்குப் பந்தல் இடுபவரும் உண்டு. தாம் கொடுக்கும் இரத்தம் ஒரு தாய்க்கோ, விபத்தில் அடிபட்ட ஒருவருக்கோ, அறுவைக்குக் காத்திருக்கும் உறவினருக்கோ செல்லும் என்பதை அவர்கள் அறிவார்கள். கொடையின் பயன் கண்ணெதிரே நிற்கிறது.

இரத்தக் கொடையில் மற்றொரு வகையும் உண்டு. அது ஆய்வுக்கெனக் கொடுக்கப்படுவது. அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் உடனடிப் பயன் எதையும் காண்பதில்லை. தம் துளி எந்தக் கண்ணாடித் தகட்டில் வைக்கப்படும், எந்த ஏட்டில் எண்ணாகும், எந்த நாட்டில் மருந்தாகும் என்பதை அவர் அறியார். நம் மாவட்டத்துக்கு இது புதிதன்று. மதுரைக்கு மேற்கேயுள்ள சிற்றூர்களின் மக்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பனின் நோய் எதிர்ப்பு மரபியல் ஆய்வுகளுக்கு இரத்தம் அளித்தனர். 2005இல் தொடங்கிய உலகளாவிய மானிடப் பயண மரபணுத் திட்டத்தின் இந்தியப் பகுதி ஆய்வும் அவர் பொறுப்பிலேயே அமைந்தது. மனித குலத்தின் ஆதிப் பயணத்தைப் பற்றி உலகம் இன்று அறிந்தவற்றுள் ஒரு பங்கு இம்மக்களின் நரம்புகளிலிருந்து வந்ததாகும்.

இவ்வாறு கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவு எத்தகையது? கொடுத்தவர் மீது பெற்றவருக்கு என்ன கடமை? இக்கேள்விகளுக்கு விடை தேட உகந்த நோய் ஒன்று உண்டு. நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வு வரலாறு உடையது. தமிழகத்தின் நீலகிரியையும், அரேபியாவின் கீழ்க்கரையையும், ஆப்பிரிக்காவின் ஏரிக்கரைகளையும் ஒரே நூலில் கோப்பது. அதுவே அரிவாள் செல் சோகை.

நோயின் இயல்பு

நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டத் தட்டைப் போன்றவை. வளைந்து நெளிந்து மிக நுண்ணிய குழாய்களிலும் புகுந்து செல்பவை. அவற்றினுள் இருக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதமே பிராணவாயுவைச் சுமக்கிறது. இப்புரதத்தின் பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அவ்விடத்தில் வேலின் என்னும் வேறோர் அமிலம் அமைந்துவிடுவதே இந்நோயின் மூலம். 146இல் ஒன்று மாறியதால் விளைவது பெரிது. பிராணவாயு குறைந்தவுடன் இப்புரதம் கோல் கோலாக உறைகிறது, சிவப்பணு அரிவாளாக வளைந்து விறைக்கிறது, நுண்குழாய்களை அடைக்கிறது. எலும்பிலும் மூட்டிலும் மார்பிலும் தாங்கவொண்ணா வலி எழுகிறது. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு பத்து இருபது நாளில் சிதைகிறது. சோகை நிலையாகத் தங்கிவிடுகிறது. மண்ணீரல் சிறு வயதிலேயே செயலிழப்பதால் தொற்றுநோய்கள் எளிதில் உயிரைப் பறிக்கின்றன.

தாய், தந்தை ஆகிய இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெற்ற பிள்ளைக்கே நோய் வருகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் மரபுக்கூற்றைத் தாங்குபவர் மட்டுமே. அவர் பொதுவாக நலமுடன் வாழ்வார். தாங்கும் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. எனவே இது மருத்துவமனையோடு முடியும் செய்தியன்று. திருமணப் பேச்சுக்குள்ளும் நுழையும் செய்தி.

பெயர் மறைந்த முதல் நோயாளி

மருத்துவ ஏட்டில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது 1910இல். சிக்காகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், தம் பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ் 1904இல் நுண்ணோக்கியின் வழியே கண்ட அரிவாள் வடிவ அணுக்களைப் பற்றி எழுதினார். அந்த இரத்தத்துக்கு உரியவர், மேற்கிந்தியத் தீவுகளின் கிரனடாவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்திருந்த கறுப்பின மாணவர். கட்டுரையில் அவர் பெயர் இல்லை. அவர் படிப்பை முடித்துக்கொண்டு தாயகம் திரும்பினார். அங்கே பல் மருத்துவராகப் பணியாற்றி 1916இல் காலமானார். வால்டர் கிளமென்ட் நோயல் என்னும் அவர் பெயரையும் வரலாற்றையும் ஆய்வாளர்கள் மீட்டு வெளியிட்டது 1989இல்தான். தம் இரத்தம் ஒரு புதிய இயலின் முதல் ஏடாகியது என்பதை அறியாமலேயே அவர் மறைந்தார்.

1949இல் லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும் இந்நோய் ஹீமோகுளோபின் மூலக்கூற்றின் நோய் என்று நிறுவினர். ஒரு நோயின் வேரை மூலக்கூற்றிலேயே கண்டது மருத்துவ வரலாற்றில் அதுவே முதன்முறை. ஆறாவது இடத்து அமில மாற்றத்தை வெர்னன் இங்கிராம் 1957இல் கண்டறிந்தார். இவ்வெற்றிகளுக்குப் பின்னால் இரத்தம் கொடுத்த நோயாளிகள் இருந்தனர். பாலிங்கின் பெயரை மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். கொடுத்தவர்கள் கட்டுரைகளில் எண்களாக மட்டும் எஞ்சியுள்ளனர்.

நீலகிரியில் 1952

இந்தியாவில் இந்நோய்க்கூறு இருப்பது 1952இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் டன்லப்பும் மஜும்தாரும் அதனைக் கண்டனர். அதே ஆண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நம் நீலகிரியின் ஆதிகுடிகளிடம் அது இருப்பதைப் பிரித்தானிய மருத்துவ இதழில் அறிவித்தனர்.

லேமன் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தவர். நாசி ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். போர்க்காலத்தில் படைமருத்துவராக இந்தியாவில் பணியாற்றியவர். அதன்பின் உகாண்டாவில் இரத்தசோகையை ஆராய்ந்தவர். கட்புஷ் இரத்தப் பிரிவுகளை வகைப்படுத்துவதில் வல்லுநர். 1950இல் அவரும் துணைவரும் கண்டறிந்த புதிய இரத்தப் பிரிவு ஒன்றுக்கு, அதனைத் தம் இரத்தத்தால் உணர்த்திய நோயாளியின் பெயரையே சூட்டினர். இன்றும் அது டஃபி பிரிவு என்றே வழங்குகிறது. கொடுத்தவரின் பெயர் அறிவியலில் நிலைத்த அரிய நிகழ்வுகளுள் இது ஒன்று.

நீலகிரியில் அவ்வாறு நிகழவில்லை. அங்கே இரத்தம் கொடுத்தவர்கள் தனி மனிதர்களாக அன்றிக் குடிகளின் பெயரால் விழுக்காடுகளாகப் பதிவாயினர். அதற்குக் காரணம் அன்றைய ஆய்வின் நோக்கமே. இரத்தப் பிரிவையும் அரிவாள் செல் கூற்றையும் கொண்டு தென்னிந்தியச் சமுதாயங்களை எவ்வாறு பாகுபடுத்தலாம் என்பதே லேமனும் கட்புஷும் அவ்வாண்டில் எழுதிய மற்றொரு கட்டுரையின் பொருள். யார் எவருக்கு உறவு, எந்தக் குடி எங்கிருந்து வந்தது என்னும் மானிடவியல் வினாக்களுக்கு இரத்தம் ஒரு சான்றாகக் கருதப்பட்ட காலம் அது. இருளரும் குறும்பரும் பணியரும் ஒரு பழம் வரலாற்றின் சாட்சிகளாயினர். வலியால் துடிக்கும் அவர்களின் பிள்ளைக்கு என்ன செய்வது என்ற வினா அந்த ஏடுகளின் மையத்தில் இல்லை.

இதைக் குற்றச்சாட்டாக நாம் எழுதவில்லை. அன்று கொடுப்பதற்குச் சிறந்த மருந்தும் இருக்கவில்லை. ஆனால் வரலாற்றைக் கணக்குப் பார்க்கும்போது ஒரு பக்கத்தில் பெற்றது எழுதப்படுமானால், மறுபக்கத்தில் கொடுக்க வேண்டியதும் எழுதப்பட வேண்டும். நீலகிரியின் கணக்கில் அந்த இரண்டாம் பக்கம் நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது. அதன் பின் இந்தியாவெங்கும் நடந்த ஆய்வுகள், பல்வேறு பழங்குடிகளிடையே இக்கூற்றைத் தாங்குவோர் நூற்றுக்கு ஒருவர் முதல் நாற்பது பேர் வரை இருப்பதைக் காட்டின. வலியை மக்கள் அறிந்திருந்தனர். பெயரை ஆய்வாளர் அறிந்திருந்தனர். இரண்டும் சந்திக்கப் பல்லாண்டுகள் ஆயின.

அரேபியக் கீழ்க்கரையும் நம் மலைகளும்

இவ்வரலாற்றின் அடுத்த ஏடு நம் வாசகர்களுக்குத் தனி ஆர்வம் ஊட்டக்கூடியது. 1963இல் லேமன் வேறு இருவருடன் சேர்ந்து சவூதி அரேபியாவில் இக்கூறு பரவியுள்ள முறையை எழுதினார். கதீப், அல்-அஹ்ஸா ஆகிய கீழ்க்கரைப் பசுஞ்சோலைப் பகுதிகளில் அது மிகுந்து காணப்பட்டது. 1986இல் குலோசிக்கும் துணைவரும் மரபணுவைச் சுற்றியுள்ள அடையாளக் கூறுகளை ஒப்பிட்டனர். அரேபியக் கீழ்க்கரையிலும் இந்தியாவிலும் உள்ள அரிவாள் மரபணு ஒரே பின்னணி அமைப்பைக் கொண்டிருப்பதும், அது ஆப்பிரிக்க அமைப்புகளினின்று வேறுபடுவதும் புலனாயின. இதற்கு அரபு-இந்திய வகை என்று பெயர். எனவே ஆசியாவில் இம்மாற்றம் தனியாகத் தோன்றியது என்று கருதினர். 2018இல் ஷ்ரைனர், ரொட்டிமி ஆகிய இருவரும் முழு மரபணு வரிசைகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரே முறை தோன்றிப் பரவியது என்று மாற்றுக் கருத்தை முன்வைத்தனர்.

அரபு, இந்தியா என்னும் இரு சொற்களும் இணைந்து வரக் கண்டவுடன், காயலையும் கீழக்கரையையும் நாடிவந்த மரக்கலங்களின் நினைவு நமக்கு எழுவது இயல்பு. அந்த ஆசைக்கு இடம் கொடுத்தல் ஆகாது. இந்தியாவில் இம்மரபணு மிகுந்து காணப்படுவது மலையிலும் காட்டிலும் வாழும் குடிகளிடமே. கடற்கரை வணிகக் குடிகளிடம் அன்று. நம் பெருமைக்கு ஏற்ற விடையை இரத்தத்திடம் கேட்பது பழைய இனவியலார் செய்த பிழையையே திரும்பச் செய்வதாகும்.

கீழ்க்கரை அரபு மக்கள் உலகுக்கு அளித்தது அதைவிடப் பெரிய செல்வம். தஹ்ரானில் எண்ணெய் நிறுவனத்து மருத்துவராக இருந்த பெரின், அப்பகுதி நோயாளிகளுள் பலருக்கு நோய் மென்மையாக இருப்பதைக் கண்டு 1972இல் துணைவருடன் எழுதினார். 1978இல் 270 பேரின் நோய்ப் போக்கைத் தொகுத்து வெளியிட்டனர். அவர்களின் இரத்தத்தில் சிசு ஹீமோகுளோபின் மிகுந்திருந்ததே மென்மைக்குக் காரணமாகக் கருதப்பட்டது. கருவில் இருக்கும்போது எல்லார்க்கும் இவ்வகை ஹீமோகுளோபின்தான் உண்டு. பிறந்த சில மாதங்களில் அது குறைந்து மறைகிறது. அது இருக்கும்வரை இந்நோய்க் குழந்தைகள் துன்புறுவதில்லை என்பதை ஜேனட் வாட்சன் 1948இலேயே சுட்டியிருந்தார். சோதனைக்குத் தம் கையை நீட்டிய அந்தப் பேரீச்சைத் தோப்பு மக்கள், இக்கருத்து முதிர்ந்தவரிடத்தும் உண்மையென்று காட்டினர். மறைந்துபோகும் சிசு ஹீமோகுளோபினைத் திரும்ப எழுப்பிவிட்டால் நோய் அடங்கும் என்னும் வழி துலங்கியது.

முப்பது லுவோ ஆடவர்

இத்தகைய கொடிய மரபணு ஏன் அழியாமல் நிலைத்தது? கென்யாவில் வளர்ந்த அந்தோணி ஆலிசன், மலேரியா மிகுந்த கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் இக்கூறு மிகுந்தும், உயர்ந்த மலைப்பகுதிகளில் குறைந்தும் இருப்பதை 1949இல் கண்டார். ஒற்றைக் கூறு மலேரியாவுக்குக் காப்பாகிறது என்பது அவர் ஊகம். அதை மெய்ப்பிக்க லுவோ இனத்து ஆடவர் முப்பது பேரின் உடலில் மலேரியாக் கிருமி செலுத்தப்பட்டது. கூற்றைத் தாங்கிய பதினைவருள் இருவரிடமே கிருமி தோன்றியது. தாங்காத பதினைவருள் பதினால்வரிடம் தோன்றியது. 1954இல் வெளிவந்த இம்முடிவு இயற்கைத் தேர்வுக்கு மனிதரிடம் கிடைத்த புகழ்பெற்ற சான்றாகப் பாடநூல்களில் இடம்பெற்றது.

பாடநூலைப் படிக்கும் மாணவர் இரண்டு, பதினான்கு என்னும் எண்களை நினைவில் வைக்கிறார். நாம் முப்பது என்னும் எண்ணை நினைவில் வைக்க விரும்புகிறோம். நலமாக இருந்த முப்பது பேர் உயிர்க்கொல்லிக் கிருமியைத் தம் உடலில் ஏற்றனர். குடியேற்ற ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஒருவர் வெள்ளை மருத்துவரிடம் கூறும் இசைவு எவ்வளவு சுதந்திரமானது? பொருள் விளங்காமல் கூறும் ‘சரி’ சம்மதம் ஆகுமா?

மருத்துவச் சோதனையின் வரலாற்றில் நம் முன்னோர்க்கும் இடம் உண்டு. மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களுள் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வெளியேற்றியும், மற்றொரு பிரிவினருக்கு அதைச் செய்யாது விட்டும் ஒப்பிட்டுப் பார்த்ததாக அர்-ராஸி எழுதியுள்ளார். மருந்தின் குணத்தை மனித உடலிலேயே சோதிக்க வேண்டும். விலங்கில் கண்டது மனிதருக்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது என்பது இப்னு சீனா வகுத்த விதிகளுள் ஒன்று. ஒப்பிடும் அறிவு அன்றே இருந்தது. ஒப்பீட்டுக்கு உள்ளாகுபவரைக் கேட்க வேண்டும் என்னும் நெறி சட்டமாவதற்கு ஓராயிரம் ஆண்டுகள் கழிந்தன. 1947இன் நியூரம்பெர்க் நெறிமுறையும், உலக மருத்துவக் கழகத்தின் 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கி அறிக்கையும் விருப்பார்ந்த, விளங்கிய சம்மதத்தை ஆய்வின் அடித்தளமாக்கின. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1980இலும் 2000இலும் 2006இலும் 2017இலும் நெறிகளை வகுத்தும் திருத்தியும் வந்தது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள், ஆய்வினால் ஊறு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் வழங்குவதைக் கட்டாயமாக்கின.

தொண்டர்கள் ஈந்த மருந்துகள்

நெறி வலுப்பட்ட காலத்தில் தொண்டர்களின் கொடை விரைந்து பயன் தந்தது. 1973 முதல் 1981 வரை ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளின் இரத்தம் சோதிக்கப்பட்டது. நோயுடன் பிறந்தவர்களைக் கிரகாம் சார்ஜன்ட்டின் குழுவினர் பல்லாண்டுகள் தொடர்ந்து பேணிக் கவனித்தனர். நோய் எந்த வயதில் எவ்வாறு தாக்குகிறது என்பது அக்குழந்தைகளின் வாழ்விலிருந்து தெரிய வந்ததாகும்.

1986இல் அமெரிக்காவில் 215 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு ஒன்றின் முடிவு வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் பெனிசிலின். மறு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரை. பெனிசிலின் பெற்றோரிடம் கடுந்தொற்று 84 விழுக்காடு குறைந்தது. போலி மாத்திரைப் பிரிவில் மூன்று குழந்தைகள் இறந்தன. மருந்துப் பிரிவில் எவரும் இறக்கவில்லை. பயன் தெளிவானவுடன் ஆய்வு எட்டு மாதம் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. இன்று உலகெங்கும் அரிவாள் செல் குழந்தைகளுக்குப் பெனிசிலின் கொடுக்கப்படுவதற்கு அந்த 215 குழந்தைகளின் பெற்றோர் அளித்த இசைவே அடிப்படை. இறந்த மூவரின் பெற்றோரையும் அதில் சேர்த்தே எண்ண வேண்டும்.

1995இல் 299 முதிர்ந்த நோயாளிகள் பங்கேற்ற ஆய்வு, ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரை வலித் தாக்குதல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. அது சிசு ஹீமோகுளோபினை உயர்த்தும் மருந்து. அல்-அஹ்ஸாவில் இயற்கை செய்ததை மாத்திரை செய்தது. 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகிய நான்கு நாடுகளின் 606 சிறுவர்கள் இம்மருந்தை உட்கொண்டு, ஆப்பிரிக்கச் சூழலிலும் அது ஏற்றதென்று காட்டினர். விலை மலிந்த இம்மாத்திரை இன்று நம் நாட்டு நோயாளிகளுக்கும் கிடைக்கிறது.

எல்லா ஆய்வும் நன்மையில் முடிவதில்லை என்பதையும் கூற வேண்டும். 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வோக்செலோட்டர் என்னும் மருந்து, தொடர் ஆய்வுகளில் இறப்புகள் கூடுதலாகத் தென்பட்டதால் 2024 செப்டம்பரில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆபத்தை வெளிக்கொணர்ந்தவர்களும் ஆய்வுத் தொண்டர்களே. பயனற்றது எது என்று காட்டுவதும் கொடைதான்.

அச்சமும் அவப்பெயரும்

இரத்தம் கொடுத்தவருக்கு அதன் செய்தியே பகையாக மாறியதும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் கிரேக்க நாட்டின் ஒர்கோமெனோஸ் என்னும் ஊரில் மக்கள் அனைவரும் சோதிக்கப்பட்டனர். நான்கில் ஒருவர் அளவுக்கு மரபுக்கூற்றைத் தாங்குவோர் இருந்தனர். அறிந்துகொண்டால் தாங்கும் இருவர் மணப்பதைத் தவிர்ப்பர் என்று ஆய்வாளர் எதிர்பார்த்தனர். நடந்ததோ வேறு. தாங்குபவர் என்ற பெயர் ஒரு மாசாகியது. வரன் கிடைக்காது என்ற அச்சத்தால் பலர் அதை மறைத்தே மணந்தனர். நோய் குறையவில்லை, நாணம் மட்டும் கூடியது.

அமெரிக்காவிலும் இதுவே. 1972இல் அரிவாள் செல் சோகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. விளக்கமின்றிக் கட்டாயச் சோதனை நடத்திய மாநிலங்களில், நலமாக இருந்த மரபுக்கூற்றாளர்கள் வேலையையும் காப்பீட்டையும் இழந்தனர். அதே 1972இல்தான் டஸ்கிகீயில் மேகநோய் கண்ட கறுப்பின ஆடவர்களை நாற்பதாண்டுகள் சிகிச்சையின்றி விட்டுவைத்துக் கவனித்த ஆய்வு அம்பலமாயிற்று. அச்சமுதாயத்தினர் இன்றும் ஆய்வுக்கு முன்வரத் தயங்குவார்களானால், அத்தயக்கம் அறியாமையன்று, நினைவாற்றல்.

இதற்கு மாறான அனுபவம் சவூதி அரேபியாவில் கிட்டியது. அங்கே 2004 முதல் திருமணத்துக்கு முன் அரிவாள் செல், தலசீமியா ஆகிய இரண்டுக்கும் இரத்தச் சோதனை கட்டாயம். முடிவை இரு தரப்பினருக்கும் எடுத்துரைத்து ஆலோசனை வழங்குவர். மணப்பதா தவிர்ப்பதா என்பதை அவர்களே தீர்மானிப்பர். தொடக்கத்தில், இருவரும் கூற்றைத் தாங்குவோர் என்று அறிந்த இணைகளுள் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே திருமணத்தைக் கைவிட்டனர். 2009இல் அது ஏறத்தாழ 52 விழுக்காடாக உயர்ந்தது. ஒர்கோமெனோஸில் தோற்ற சோதனை இங்கே வேரூன்றியதற்கு, எவரையும் தனித்துச் சுட்டாமல் எல்லாருக்கும் பொதுவாக்கியதும், ஆலோசனையை உடன்சேர்த்ததும் காரணங்களாகலாம். நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் தமிழகத்தில் சமய வேறுபாடின்றி உள்ளது. ஆதலால் இப்பாடம் நமக்கும் உரியது. கூற்றைத் தாங்குவது குற்றமன்று, குறையுமன்று. அதை மறைக்கத் தூண்டும் சமுதாயமே குறையுடையது.

கூடலூரில் திரும்பிய கணக்கு

நீலகிரிக்குத் திரும்புவோம். அங்கே கணக்கின் இரண்டாம் பக்கம் மெல்ல எழுதப்படலாயிற்று. 1958இல் கோத்தகிரியில் மருத்துவர் நரசிம்மன் நிறுவிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் மலைக்குடிகளுக்கு மருத்துவம் கொண்டுசென்றது. கூடலூரில் 1988இல் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் ஆகியோர் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டு தம் நில உரிமைக்காகக் குரல் எழுப்பினர். அவ்வெழுச்சியின் கிளையாக 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பிறந்தது. மருத்துவத் தம்பதியர் ஷைலஜா தேவியும் நந்தகுமார் மேனனும் அதற்குத் துணைநின்றனர். ஆதிவாசிப் பெண்களே செவிலியராகவும் ஊர்தோறும் செல்லும் நலப்பணியாளராகவும் பயிற்சி பெற்றனர்.

இம்மருத்துவமனையின் அரிவாள் செல் பராமரிப்பு பற்றிய ஆய்வு 2014இல் பன்னாட்டு மருத்துவ இதழில் வெளிவந்தது. 1952ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே நம் கட்டுரையின் சாரம். முன்னதில் இரத்தம் எடுத்துச் செல்லப்பட்டது. பின்னதில் சோதனையும், விளக்கமும், மாத்திரையும், தொடர் கவனிப்பும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. சோதிப்பவர் சோதிக்கப்படுபவரின் மொழியைப் பேசினார். அவர் பாடியிலேயே பிறந்தவராகவும் இருந்தார். அங்கே ‘சரி’ என்னும் சொல்லுக்குப் பொருள் இருந்தது.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047க்குள் நோயைப் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து அகற்றுவதும் அதன் குறிக்கோள். ஏழு கோடித் துளிகள்! ஒவ்வொன்றோடும் ஒரு விளக்கமும், தேவைப்படுவோருக்கு ஒரு மாத்திரையும், இரகசியம் காக்கும் ஓர் உறுதியும் உடன்செல்லுமா என்பதே கேள்வி. செல்லாவிடில் ஒர்கோமெனோஸ் ஏழு கோடி முறை நிகழும்.

இதற்கிடையே அறிவியல் பெரும் பாய்ச்சல் பாய்ந்துள்ளது. சிசு ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் மரபணு பிசிஎல்11ஏ என்பது 2007-2008இல் கண்டறியப்பட்டது. நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களை வெளியே எடுத்து, அம்மரபணுவின் பிடியைத் தளர்த்தி, மீண்டும் உடலில் செலுத்தும் சிகிச்சை 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில் போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேர் ஓராண்டுக்குமேல் கடும் வலித் தாக்குதலின்றி வாழ்ந்தனர். அமெரிக்காவில் இதற்கு அறிவித்த விலை 22 லட்சம் டாலர். பெரின் கண்ட அரபு நோயாளிகளும், நீலகிரியின் ஆதிகுடிகளும், கிங்ஸ்டனின் குழந்தைகளும் கொடுத்த அறிவின் உச்சியில் நிற்கும் மருந்து அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. புது தில்லியில் அரசின் மரபணுவியல் ஆய்வு நிறுவனம் மலிவான மரபணுத் திருத்த முறையை உருவாக்க முயன்று வருவது நம்பிக்கை அளிப்பது. அதன் சோதனைக்கும் தொண்டர்கள் தேவைப்படுவர். அவர்கள் பெரும்பாலும் பழங்குடியினராகவே இருப்பர்.

முடிவாக

ஒருவர் நம்மிடம் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். அதை வைத்திருப்பவருக்கு அதன்மீது பொறுப்பு உண்டு, உடைமை இல்லை. ஆய்வுக்கு அளிக்கப்படும் இரத்தமும் அத்தகையதே. பெற்றவர் அதைப் பேண வேண்டும். சொன்ன நோக்கத்துக்கன்றிப் பயன்படுத்தலாகாது. கொடுத்தவரின் மானத்தைக் காக்க வேண்டும். விளைந்த பயனில் அவருக்கும் அவர் மக்களுக்கும் பங்கு சேர்க்க வேண்டும்.

கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. நாம் இன்று உட்கொள்ளும் மருந்துகளுக்குப் பின்னால், முன்பின் அறியாத எவரோ தம் உடலை ஈந்திருக்கிறார். அக்கடனைத் தீர்க்க நமக்கும் ஒரு நாள் அழைப்பு வரலாம். அப்போது அஞ்சி ஓட வேண்டியதில்லை. கண்ணை மூடிக் கையொப்பமிடவும் வேண்டியதில்லை. இந்த ஆய்வு எதற்கு, எனக்கு என்ன ஊறு நேரலாம், வேண்டாமென்றால் இடையில் விலக முடியுமா, விளையும் மருந்து என்னைப் போன்றோருக்குக் கிடைக்குமா என்னும் நான்கு வினாக்களைத் தாய்மொழியில் கேட்போம். விடை விளங்கினால் கையை நீட்டுவோம்.

பனகல் சாலையில் இரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வரும் இளைஞர், கொடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சை விரலால் அழுத்திக்கொண்டு தல்லாகுளத்துப் பேருந்துக்கு நிற்கிறார். தம் துளி யாரைச் சேர்ந்தது என்பதை அவர் மாலைக்குள் அறிந்துவிடுவார். 1952இல் நீலகிரியில் கையை நீட்டியவருக்கு அந்தச் செய்தி இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. அதைக் கொண்டுசேர்ப்பது எஞ்சியிருக்கும் நம் அனைவரின் பொறுப்பாகும்.